எட்டாம்மாடி எழுதிய பெருக்கல்

என் மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். என் மனைவியின் ஒரே தம்பி. முப்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு. வலது கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்திருக்கும். ஏதாவது ஒரு கதவு அதை நசுக்கியிருக்கும். அவனை நான் ஐந்து மாதம் எழுத்தில் திட்டித் தீர்த்தேன், அதுவும் ஊர் உலகம் பார்க்கிற இடத்தில் வைத்து. திட்டு வாங்குவது அவன்தான் என்று எனக்குத் தெரியாது. திட்டுவது நான்தான் என்று அவனுக்கு முதல் நாளே தெரியும். அந்த ஐந்து மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். அவனைப் பற்றி எழுதி வைக்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

முதலில் என்னைப் பற்றி நாலு வரி. ஒரு நிரல்மொழியைப் பராமரிக்கிறவர்களில் நான் ஒருவன். கணினிக்கு வேலை சொல்வதற்கான மொழி அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் புனைபெயரில்தான் அனுப்புவார்கள். வந்ததைப் படித்துப் பார்த்து, சேர்க்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நாலைந்து பேர் இருக்கிறோம். எண்கள் பகுதிக்கு நான்தான் நாட்டாமை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கோபத்தில் நான் எழுதுவதுதான் படிக்க நன்றாக இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார், அதைக் கேட்டுத்தான் கெட்டுப்போனேன்.

கணினி பத்தொன்பது இருபது இலக்கத்துக்கு மேல் ஓர் எண்ணை ஒரே வாயில் விழுங்காது. நீளமான எண் என்றால் ஒன்பது ஒன்பது இலக்கமாக வெட்டி, பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். எங்கள் மொழி எவ்வளவு நீளமான எண்ணையும் அப்படிப் பெருக்கும். ஆனால் நாம் பள்ளிக்கூடத்தில் பெருக்கிய அதே முறை: இந்த எண்ணின் ஒவ்வொரு பெட்டியையும் அந்த எண்ணின் ஒவ்வொரு பெட்டியோடும். நாலு பெட்டி என்றால் கண்ணிமைக்கும் நேரம். நாலாயிரம் பெட்டி என்றால் ஆமைதான்.

அந்த ஆமையை நம்பி உட்கார்ந்திருந்தவள் என் மனைவி.

அவள் கணிதக்காரி. இருபத்து மூன்று வயதில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தாள். சேர்ந்த ஏழாம் மாதம் அவளுடைய அப்பா தவறிவிட்டார். படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனாள். தம்பிக்கு அப்போது பதினேழு வயது. அவனைத் தொழிற்பயிற்சியில் சேர்த்தாள், முடிக்க வைத்தாள், முதல் வேலைக்குப் போகிற அன்று அவனுடைய காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பிறகு கல்யாணம், வீடு, பிள்ளை என்று வருஷங்கள் ஓடின. நாற்பது வயதில் யாரிடமும் கேட்காமல் போய், விட்ட இடத்திலிருந்து மறுபடி பதிவு செய்துகொண்டு வந்தாள். ஐந்து வருஷம் கெடு. கெடு முடிந்தால் பதிவு தானாக ரத்தாகும். இரண்டாவது தடவை வந்தவர்களுக்கு நீட்டிப்பு கிடையாது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றும் நாற்பதாயிரம் இலக்கம் உள்ள எண்கள். ஒரு குறிப்பிட்ட வரிசையில் வருபவை. அந்த வரிசையில் எங்கெங்கே பகா எண்கள் வரும் என்று அவளிடம் ஓர் ஊகம் இருந்தது. அந்த ஊகத்தைத் தாங்கி நிற்க உதாரணம் வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் எடுத்து, அது பகா எண்தானா என்று பார்க்க லட்சத்துக்கு மேல் பெருக்கல்கள். எங்கள் மொழியில் ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆனது. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே அவளுடைய பழைய கணினி ஓடிக்கொண்டே இருக்கும். அது சூடாகிறது என்று மேசைவிசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். எனக்குக் காற்று போயிற்று.

"பெருக்கலை வேகமாக்குற வழி இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் செய்ய மாட்டேங்கறீங்க?" என்று கேட்பாள்.

"பார்க்கலாம்" என்பேன். நாலு வருஷம் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி அந்தக் கணினியின் முன்னால் நின்றான். "ஏங்க்கா, இந்தப் பெட்டி என்ன பண்ணிட்டிருக்கு?"

அவள் ஓர் உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். பெரிய எண்ணைப் பாதியாக வெட்டினால் நாலு பெருக்கல் தேவைப்படுகிறது. கொஞ்சம் கூட்டல் கழித்தலைச் சேர்த்துக்கொண்டால் அந்த நாலை மூன்றில் முடித்துவிடலாம். அந்தப் பாதிகளையும் அப்படியே பாதியாக்கிக்கொண்டே போனால் மிச்சமாகும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். நான் சோபாவில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவன் அந்த உறையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். துண்டுச்சீட்டு எதைப் பார்த்தாலும் பையில் போடுகிறவன், அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லிஃப்ட்களுக்குள் கணினிப் பலகைகள் வந்தபோது கம்பெனி அவனுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தது. மிச்சத்தை அவனே கையேடுகளைப் படித்துக் கற்றுக்கொண்டிருந்தான். அவன் பொறுப்பில் இருந்த ஒரு பெரிய கட்டடத்தின் எட்டாவது மாடியில் லிஃப்ட் இயந்திர அறை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஆள் வரமாட்டார்கள். சாப்பாட்டு டப்பாவை ஒரு பக்கமும் பழைய மடிக்கணினியை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான். இதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி.

எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருநாள் 'எட்டாம்மாடி' என்ற பெயரில் எவனோ வேகப் பெருக்கல் ஒன்றை எழுதி அனுப்பியிருந்தான் என்பதுதான். எழுத்து கரடுமுரடாக இருந்தது. எண்களைப் போட்டு வைக்கிற மாறிகளுக்குப் பெயர் 'மேல்பாதி', 'கீழ்பாதி', 'எதிர் எடை'. பெருக்கல் முந்நூறு வரி. அதைச் சோதிக்க ஆயிரத்து இருநூறு வரி. அந்தச் சோதனைகளில் எங்கே பார்த்தாலும் ஒன்பது. பக்கம் பக்கமாக ஒன்பது ஒன்பதாக அடித்து வைத்திருந்தான். நடுநடுவே ஒன்றுக்குப் பின்னால் வரிசையாகப் பூஜ்யங்கள். 'விசைப்பலகையின் மேல் பூனை படுத்துவிட்டதா?' என்று கேட்டு எழுதினேன். பத்துப் பேர் சிரிப்புக் குறி போட்டார்கள்.

அவன் பொறுமையாகப் பதில் எழுதினான்: 'கோணலான எண்களில்தான் கோளாறு தெரியும்.' நான் விடவில்லை. பெயர் சரியில்லை என்றேன், மாற்றினான். இடைவெளி சரியில்லை என்றேன், மாற்றினான். சோதனைகளை வெட்டச் சொன்னேன். அதை மட்டும் செய்யமாட்டேன் என்றான். ஐந்து மாதம் இந்தக் கூத்து நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் நான் பொருமுவேன். "எட்டாம்மாடியாம். உச்சியிலே உட்கார்ந்திருக்கிற நினைப்பு. கிறுக்கன்."

"அப்படியா அத்தான்? என்ன சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே மச்சினன் இன்னொரு முட்டையை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொள்வான்.

"சோதனைய வெட்டமாட்டானாம்."

"வெட்டாட்டி என்ன அத்தான்?"

"உனக்குப் புரியாது, விடு" என்பேன்.

மனைவியின் கெடுவுக்குத் தொண்ணூறு நாள் இருந்தது. பார்க்கவேண்டிய எண்கள் நானூற்றுப் பன்னிரண்டு. நாளைக்கு ஒன்று என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று சொல்லவேண்டியதில்லை. அவள் என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு உறைத்தது. எட்டாம்மாடியின் வழியைப் பார்த்துவிட்டு, 'இதை நானே அழகாக எழுதுகிறேன்' என்று ஒரு வாரம் உட்கார்ந்து என் பெருக்கலை எழுதினேன். சோதிக்கவும் செய்தேன். ஒரு லட்சம் ஜோடி எண்களைச் சீட்டுக் குலுக்கியது போல எடுத்து, புதிய முறையிலும் பழைய முறையிலும் பெருக்கி ஒப்பிட்டேன். ஒன்றுகூடத் தவறவில்லை. என் பகுதிக்கு நானே நாட்டாமை, நானே சேர்த்தேன். எட்டாம்மாடி ஒரே வரி எழுதினான்: 'என் பெருக்கல் வேண்டாம், சோதனைகளை மட்டுமாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.' 'ஒரு லட்சம் போதும். நன்றி, வணக்கம்' என்று கதவைச் சாத்தினேன்.

வீட்டில் நான்தான் அன்றைக்கு ராஜா. ஒரு நாள் பிடித்த வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. சின்னச் சின்னப் பகா எண்கள் சிலவற்றை ஓட்டிப் பார்த்தாள், சரியாக வந்தது. விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள். அப்போது மச்சினன் ஊரில் இல்லை. வெளியூரில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்ட மூன்று வாரம் போயிருந்தான், மடிக்கணினியை இயந்திர அறையிலேயே வைத்துவிட்டு.

மூன்று வாரத்தில் இருநூற்று ஐம்பது எண்கள் போயின. அவற்றில் ஒன்றுகூடப் பகா எண் இல்லை. ஒருநாள் மாலை, துணி மடித்துக்கொண்டே, "என் ஊகம் தப்பு போலிருக்குங்க. நாலரை வருஷமா ஒரு தப்பைத் தூக்கிச் சுமந்திருக்கேன்" என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிறு மச்சினன் வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். "அக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பகா எண் கிடைச்சுதுன்னு எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தியே, அதைத் திரும்ப ஒருதடவை ஓட்டிப் பாரேன்."

"அது முடிஞ்சுபோனதுடா. பழைய முறையில ரெண்டு தடவை பார்த்தாச்சு."

"அதனாலதான் சொல்றேன்."

"நீ லிஃப்டைப் பாரு மச்சான்" என்றேன் நான். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் ஓட்டினாள். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைக்கிற நேரத்தில் விடை வந்தது. பகா எண் இல்லை என்றது.

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "உங்க மொழி பொய் சொல்லுதுங்க" என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு நாள் என் பெருக்கலை வரி வரியாகப் பார்த்தேன். இன்னும் ஐந்து லட்சம் ஜோடி எண்களைக் குலுக்கி எடுத்துப் பெருக்கினேன். எல்லாம் சரி என்றே வந்தது. எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. நாள்கள் அறுபத்து சொச்சமாகக் குறைந்திருந்தன. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள், என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சாப்பிடவில்லை என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் குடியிருப்பு லிஃப்டுக்கு வருடாந்திரச் சோதனை. சோதிக்க வந்தது என் மச்சினன்தான். நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு கீழே நின்றுகொண்டு, படியேற வேண்டுமே என்று நான் எரிச்சலில் இருந்தேன். எடைக்கட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றிக்கொண்டு, அவன் காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாலே நாலு சோதனைதான்ணே. காலி, ஒருத்தர், நிறை, நிறைக்கு மேல ஒருத்தர். நடுவுல அஞ்சு பேரு, ஆறு பேரு ஏறி எறங்குறதை வருஷம் பூரா பார்த்தாலும் ஒரு கோளாறும் தெரியாது. ஓரத்துலதான் மாட்டும்."

எட்டாம்மாடியின் சோதனைகளுக்கு நாலு தலைப்புகள் இருந்தன. காலி, ஒருத்தர், நிறை, நிறைக்கு மேல் ஒருத்தர். அவற்றைப் படித்துவிட்டுத்தான் பூனையைப் பற்றி எழுதியிருந்தேன்.

பையை அங்கேயே வைத்துவிட்டு ஆறு மாடி ஓடி ஏறினேன். மூச்சு வாங்க, நான் தூக்கி எறிந்த அந்த ஆயிரத்து இருநூறு வரியைத் தேடி எடுத்து என் பெருக்கலின் மேல் ஓட்டினேன். காலி: சரி. ஒருத்தர்: சரி. நிறை: தப்பு. ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஒரு பெட்டியில் மிஞ்சியதை அடுத்த பெட்டியில் கூட்டும்போது, அடுத்த பெட்டி ஏற்கெனவே ஒன்பது ஒன்பதுகளால் நிரம்பியிருந்தால், அங்கிருந்தும் ஒன்று மிஞ்சி அதற்கடுத்த பெட்டிக்குப் போகவேண்டும். முதல் வகுப்புக் கணக்கு. நான் ஒரு பெட்டியோடு நிறுத்தியிருந்தேன். குலுக்கி எடுத்த எண்களில் ஒரு பெட்டி முழுக்க ஒன்பதாக இருப்பது நூறு கோடியில் ஒருமுறை. என் ஒரு லட்சம் சோதனையில் அது வரவே வராது. என் மனைவியின் ஒவ்வோர் எண்ணுக்கும் ஆயிரக்கணக்கான கோடிக் கூட்டல்கள். அங்கே அது பல தடவை வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் நான் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன். இருபத்தொரு நாளும் என் புண்ணியத்தில் பாழ்.

மறுபடி கீழே இறங்கினேன். அவன் எடைக்கட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"நீதானா?"

அவன் திரும்பவில்லை. "காய் வாடுது அத்தான், எடுத்துட்டுப் போங்க."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா, நீங்க ஒண்ணு பார்க்காமலே சேர்த்திருப்பீங்க, இல்லாட்டி பார்க்காமலே தள்ளியிருப்பீங்க. அக்கா ஓட்டப்போற கணக்கு. யாராவது பார்த்துட்டுத்தான் சேர்க்கணும்." ஒரு கட்டியைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். "அவ படிப்பை நிறுத்தினது எனக்காக. எனக்கு வேற எந்த வழியில இதைத் திருப்பித் தர்றதுன்னு தெரியல. இது கையில அகப்பட்டுச்சு."

லிஃப்ட் இன்னும் சோதனையில் இருந்ததால் காய்கறிப் பைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆறு மாடி ஏறினேன். அன்றைக்கு அது எனக்குத் தேவைதான்.

அன்று மத்தியானமே என் பெருக்கலை எடுத்துவிட்டு அவனுடையதை வைத்தேன், ஆயிரத்து இருநூறு வரிச் சோதனையோடு. ஊர் உலகம் சிரித்த அதே இடத்தில், பூனை வாக்கியத்துக்குக் கீழே, 'தப்பு என்னுடையது. இந்தச் சோதனைகளைப் படித்திருந்தால் ஒருவருடைய மூன்று வாரம் வீணாகியிருக்காது. மன்னிக்கவேண்டும்' என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் எட்டாம்மாடியிடமிருந்து பதில் வந்தது: 'பரவாயில்லை. பூனை நலம்.'

அன்று மாலை மனைவியிடம் எட்டாம்மாடி யார் என்று சொன்னேன். அக்காவை உடனே ஓட்ட அவன் விடவில்லை. பழைய பகா எண்ணை மூன்று தடவை ஓட்டச் சொன்னான், ஏற்கெனவே பகா எண் இல்லை என்று தெரிந்த பத்து எண்களை ஓட்டச் சொன்னான். "ரெண்டு நாள் போகுதுடா" என்று அவள் பதறினாள். "போகட்டும்க்கா" என்றான். நான் அந்தப் பத்து எண்களைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பிறகு முப்பத்தைந்து நாள் அந்தப் பெட்டி ஓடியது. நானூற்றுப் பன்னிரண்டில் இரண்டு தேறின, இரண்டும் அவளுடைய ஊகம் சொன்ன இடத்தில். இரண்டாவது வந்த அன்று அவள் என்னிடம் சொல்வதற்கு முன்னால் தம்பிக்குத்தான் போன் போட்டாள். எனக்கு அதில் வருத்தமில்லை.

வாய்மொழித் தேர்வுக்குக் குடும்பத்தாரும் போகலாம் என்றார்கள். சின்ன வகுப்பறை, முன்வரிசையில் மூன்று பேராசிரியர்கள். நான் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மச்சினன் வேலையிலிருந்து நேரே வந்து, பின்சுவரோரம் காக்கிச் சட்டையோடு நின்றான். உட்காரச் சொன்னால் நாற்காலி அழுக்காகும் என்றான்.

அவள் நாற்பது நிமிஷம் பேசினாள். நான் இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. முடிந்ததும் மூத்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாம் சரிம்மா. நாற்பதாயிரம் இலக்கத்தை எவரும் கையால் சரிபார்க்க முடியாது. ஒரு கணினி சொல்லிவிட்டது என்பதற்காக எப்படி நம்புவது?"

அவள் சோதனைகளைப் பற்றிச் சொன்னாள், இரண்டு வேறு முறையில் இரண்டு வேறு கணினியில் ஓட்டியதைச் சொன்னாள். அவர் தலையாட்டினார், ஆனாலும் கேள்வி முகத்தில் அப்படியே இருந்தது. அவள் தேர்வு மொழியை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னாள்.

"சார், இந்தப் பெருக்கலை எழுதினவரைப் பிறந்ததுலேர்ந்து எனக்குத் தெரியும். தான் ஏறிப் பார்க்காத லிஃப்ட்டுல அவர் யாரையும் ஏத்தமாட்டார்."

அவள் கண் போன பக்கம் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சினன் உத்தரத்தில் எதையோ தேடுவது போல மேலே பார்த்தான், கறுத்த கட்டைவிரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டான், பிறகு கதவைத் திறந்து வெளியே போய்விட்டான். நான் கைதட்டினேன். இங்கே தட்டக்கூடாது என்று பக்கத்தில் இருந்தவர் என் தொடையைத் தொட்டுச் சொன்னார். தெரியும் என்று சொல்லிவிட்டுத் தட்டினேன்.